ஒரு தட்டு, இரண்டு தட்டு

ஆறாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து.

இதில் ஆறாயிரத்து எழுநூறு தண்ணீர் மோட்டாருக்கு. மிச்ச எண்பத்தைந்து, மோட்டாரைக் கடையிலிருந்து வீட்டுக்கு ஏற்றி வந்த வண்டியின் கூலி. கைமாற்றாகக் கொடுத்தவர் மச்சான். வாங்கியவர் கண்டக்டர். சண்டை வந்தது அந்த எண்பத்தைந்தில்.

"வண்டி தெருமுனையிலேயே நின்னுடுச்சு. அங்கேருந்து மாடி வரைக்கும் தோள்ல சுமந்தது நான். பாதி வழி வந்த வண்டிக்கு முழுக் கூலியா?" என்றார் கண்டக்டர்.

"கூலி பேசினது நான். கொடுத்தது நான். வந்தா முழுசா வரட்டும். இல்லன்னா ஒண்ணும் வேணாம்" என்றார் மச்சான்.

ஒன்றும் வரவில்லை. ஆறாயிரத்து எழுநூறு ஒரு உறைக்குள் மடிந்து, மூன்று மாதமாகக் கண்டக்டரின் சட்டைப் பையில் குடியிருக்கிறது. சட்டை துவைக்கப் போனால் வெளியே வரும். காய்ந்ததும் உள்ளே போகும்.

இதில் கூத்து என்னவென்றால், இரண்டு பேருக்கும் ஒரே பஸ். மச்சான் ஓட்டுவார், இவர் டிக்கெட் கொடுப்பார். காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே வண்டிக்குள் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேச்சில்லை. கண்டக்டர் வண்டியின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் மச்சான் நிறுத்துவார். இரண்டு தட்டு தட்டினால் எடுப்பார். மூன்று மாதமாக அந்தக் குடும்பத்து ஆண்களின் மொத்தப் பேச்சுவார்த்தையும் அவ்வளவுதான்.

நடுவில் அடிபட்டது கண்டக்டரின் மனைவி. மச்சானுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, டிப்போவில் பஞ்சர் ஒட்டுகிறவர் வரைக்கும் பத்திரிகை போய்விட்டது. இந்த வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை.

அவள் அழவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, உன் ரக்பி டீமுக்கு ஸ்க்ரம் ஹாஃப் கிடைக்கலையாமே. ஆடினவன் கால்ல கட்டுப் போட்டுக் கிடக்கானாம்."

"ஆமா. அதுக்கு?"

"டிப்போல மத்தவங்க எல்லாம் பீரோ மாதிரி இருக்கீங்க. குனிஞ்சு பொறுக்குற அளவுக்குக் குள்ளமா ஒருத்தர்தான் இருக்காரு. என் வீட்டுல."

அப்படிப் பேசி முடித்ததுதான் அந்த ஒப்பந்தம். தீயணைப்பு நிலையத்து அணியோடு ஆட்டம். டிப்போ ஜெயித்தால் எண்பத்தைந்தை மறந்துவிட்டு, மச்சான் பத்திரிகையோடு வீடு தேடி வர வேண்டும். தோற்றால் கண்டக்டர் முழுக் கடனையும் கட்டி, டிப்போ முழுக்கப் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தோற்றால் தனக்கு அந்தக் கல்யாணம் இல்லை என்றுதான் அவள் காதில் அது விழுந்தது.

ஆட்டத்தன்று காலையில் கண்டக்டர் வீட்டுக் கூடத்தில் தலையணை பறந்துகொண்டிருந்தது.

தலையணையை நடுவில் கயிறு கட்டி முட்டை மாதிரி ஆக்கியிருந்தாள் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு வாரமாக அவள்தான் அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

"எடுத்து, நிமிர்ந்து, பார்த்து, அப்புறம் போடக் கூடாதுப்பா. எடுக்கும்போதே போடணும்."

"பார்க்காம எப்படிம்மா? சில்லறையே எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கணும்."

"இது சில்லறை இல்ல. பந்து."

சில்லறை என்பது டிப்போவில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். ஆள் உயரத்தைப் பார்த்து வைத்தார்களா, எந்த நேரமும் சில்லறை கேட்பதைப் பார்த்து வைத்தார்களா என்று யாரும் சொல்வதில்லை.

அவர் குனிந்து வீசினார். தலையணை அம்மாவின் கைக்குப் போகாமல் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"கை எங்க முடியுதோ, பந்து அங்க போகும்பா. கையை மேல கொண்டுபோய் முடிச்சா மேலதான் போகும். ஆள் இருக்கிற பக்கம் நீட்டி முடிங்க."

"இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன்ல பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, நின்றுபோன கடிகாரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். உடையாத கடிகாரத்தை அவ்வளவு நேரம் துடைக்க வேண்டியதில்லை.

அம்மா அதைக் கவனித்தாள். ஆனால் அவள் தலைக்குள் அன்றைக்கு ஒரு கவலைக்குத்தான் இடம் இருந்தது.

"ஏங்க, ஜெயிச்சுடுவீங்களா?"

"ஓடுறது முன்னால, பந்து போடுறது பின்னால. இப்படி ஒரு விளையாட்டை யாருடி கண்டுபிடிச்சான்?" என்றார் கண்டக்டர். பதில் அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் சாயங்காலம் நல்ல கூட்டம். வண்டி விட்டு இறங்கியவர்கள், வண்டி எடுக்கப் போகிறவர்கள், எந்த வண்டிக்கும் சம்பந்தமில்லாதவர்கள்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஸ்க்ரம் என்றால் இதுதான். எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம், ஆட்டுக்கடா மாதிரி குனிந்து, தோளைத் தோளில் கொடுத்துத் தள்ளுவார்கள். நடுவில் பந்தை உருட்டிவிட வேண்டியவன் ஸ்க்ரம் ஹாஃப். அது காலுக்குக் கால் பின்னால் வந்து கடைசி ஆளின் காலடியில் நிற்கும்போது, ஓடிச் சுற்றிப் போய் அதை எடுத்து, தூரத்தில் நிற்கிறவனுக்கு வீச வேண்டியவனும் அவனே. யார் எப்போது தள்ள வேண்டும் என்று கத்த வேண்டியவனும் அவனே. மூன்று ஆள் வேலை. ஒரு ஆள் கூலி.

டிப்போ அணியில் அந்தக் கடைசி ஆள், மச்சான்.

முதல் ஸ்க்ரம். எட்டு டிரைவர்களும் குனிந்தார்கள். கண்டக்டர் தொண்டையைத் திறந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல இடம் இருக்கு!"

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது. சிரிப்பில் ஸ்க்ரம் சரிந்து விழ, நடுவர் எல்லாரையும் எழுப்பித் திரும்பக் குனிய வைத்தார்.

"ஏழு பேரும் சேர்ந்து தள்ளுங்க!" என்று கத்தினார் கண்டக்டர்.

"எட்டுப் பேர்யா" என்றார் நடுவர்.

"நான் ஏழு பேர்கிட்டதான் பேசுறேன்."

ஏழு பேர் தள்ளினார்கள். கடைசியில் மச்சான் குனிந்தபடியே சும்மா இருந்தார். "என்னைச் சொல்லலையே" என்று புல்லைப் பார்த்துச் சொன்னார். தீயணைப்பு ஆட்கள் எட்டுப் பேரும் சேர்ந்து தள்ளியதில் டிப்போ அணி ரிவர்ஸில் போனது.

அதையாவது மன்னிக்கலாம். அடுத்து நடந்ததுதான் டிப்போவில் இன்றைக்கும் பேச்சு.

ஒரு குவியலில் பத்துப் பேர் விழுந்து புரண்டு எழுந்தபோது, பந்து மட்டும் ஒதுக்குப்புறமாகக் கிடந்தது. கண்டக்டர் ஓடிப் போய் எடுத்தார். இருபது வருஷமாக, கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு சீட்டுக்கடியில் ஏதாவது கிடந்தால் என்ன செய்வாரோ, கை தானாக அதைச் செய்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"யாரோடதுப்பா இது?"

"என்னோடது மாமா" என்று ஒரு குரல் வந்தது.

கொடுத்துவிட்டார்.

வாங்கியவன் எதிரணி ஸ்க்ரம் ஹாஃப். ஒல்லியாக ஒரு தீயணைப்பு வீரன், கண்ணில் சிரிப்பு. அவனே ஒரு கணம் நம்பாமல் நின்றான். பிறகு ஓடிப் போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தான். அப்படி வைத்தால் ட்ரை. ஐந்து புள்ளி.

மைதானம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

திரும்பி வரும்போது ஒல்லியன் கண்டக்டர் பக்கத்தில் நின்றான். "மன்னிச்சுக்குங்க மாமா. ஆனா கை எங்க முடியுதோ பந்து அங்கதான் போகும். மேல தூக்கிக் காட்டாதீங்க. ஆள் இருக்கிற பக்கம் நீட்டி முடிங்க."

கண்டக்டர் அவனைப் பார்த்தார். காலையில் கூடத்தில் கேட்ட அதே வார்த்தை, அதே வரிசை.

"நீ யாருப்பா? என்னை ஏன் மாமாங்கறே?"

"சார்னு சொல்ல வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிய வேகம், பந்தோடு ஓடியதைவிட அதிகம்.

இடைவேளையில் எட்டுக்கு ஐந்து என்று டிப்போ அணி மூன்று புள்ளி பின்னால் இருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மனைவி தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றாள். வலப் பக்கம் அண்ணன், இடப் பக்கம் புருஷன். இரண்டு பேரும் அவளைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"அவருகிட்ட சொல்லு, பந்து பஸ்ல விட்டுட்டுப் போன குடை இல்லன்னு" என்றார் மச்சான்.

"ஏங்க, பந்து குடை இல்லையாம்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, குனிஞ்சு நின்னா மட்டும் போதாது, தள்ளவும் செய்யணும்னு."

"அண்ணே, தள்ளணுமாம்."

"சொல்லிட்டுத் தள்ளச் சொல்லு. யாருன்னு சொல்லாம பொதுவாச் சொன்னா நான் யாரு, ரோட்டுல போறவனா?"

"வண்டிக்கூலி மாதிரிதான்னு சொல்லு. பாதி வேலைக்கு முழு மரியாதை கிடைக்காது."

அவள் பாட்டிலை மூடினாள். மூடியைத் திருகிய திருகில் பாட்டில் கழுத்து கோணிக்கொண்டது.

"ரெண்டு பேரும் கேளுங்க. அவ பொறந்தப்ப முதல்ல கையில வாங்கினவ நான். என் அண்ணன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நான் என் வீட்டுல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருப்பேன். அதுக்குத்தான் ரெண்டு பேரும் இவ்வளவு பாடுபடுறீங்க. நல்லா ஆடுங்க."

பாட்டிலை இரண்டு பேருக்கும் கொடுக்காமலே போய்விட்டாள். இரண்டு பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு நின்றார்கள். பேசவேண்டும் என்று இரண்டு பேருக்கும் இருந்தது. யார் முதலில் என்பதுதான் கணக்கு.

இரண்டாம் பாதியில் கண்டக்டர் மோசமில்லை. இரண்டு முறை, எடுக்கும்போதே வீசினார். கையை நீட்டி முடித்தார். பந்து ஆளிடம் போனது. ஆச்சரியத்தில் வாங்கியவர்தான் கீழே போட்டார். ஆனால் கத்திக் கத்தி அவர் தொண்டை போய்விட்டது. காற்று மட்டும் வந்தது. புள்ளி மாறவில்லை.

கடைசி நிமிஷம். தீயணைப்பு அணியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்க்ரம். பந்து உருட்டும் உரிமை டிப்போவுக்கு. இதை விட்டால் நடுவர் விசில் ஊதிவிடுவார்.

கண்டக்டர் பந்தை உருட்டிவிட்டுச் சுற்றி ஓடி வந்தார். பந்து மச்சானின் குதிகாலில் வந்து நின்றது. எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்கள். இந்தப் பக்கம் ஏழு பேர் ஏழு விதமாகத் திணறுகிறார்கள். கத்த வாயைத் திறந்தார். குரல் இல்லை. இருந்திருந்தாலும் மச்சானிடம் சொல்ல வார்த்தை இல்லை.

எதிரே குனிந்திருந்த மச்சானின் முதுகைப் பார்த்தார். பஸ்ஸின் பின்பக்கம் மாதிரி அகலம்.

இரண்டு தட்டு தட்டினார். பட், பட்.

மச்சான் எடுத்தார்.

மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போனது. முன்னால் இருந்த ஏழு பேரும் டிரைவர்கள்தானே, அந்த இரண்டு தட்டுக்கு இருபது வருஷமாகக் கிளட்சை விட்டவர்கள். எட்டுப் பேரும் ஒரே இழுவையில் கிளம்பினார்கள். தீயணைப்பு அணி பின்னால் நகர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பந்தைக் காலில் வைத்தபடியே மச்சான் போக, கண்டக்டர் பின்னாலேயே ஓடினார். ஈரப் புல்லில் அவர் கால் வழுக்கியது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டும். உள்ளங்கை போய் மச்சானின் முதுகில் விழுந்தது.

பட்.

ஒரு தட்டு.

எட்டுப் பேரும் பிரேக் போட்டார்கள். கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது வண்டி அப்படியே குலுங்கி நின்றது. கூட்டம் "ஐயோ" என்றது. மச்சான் குனிந்தபடியே தலையை மட்டும் பின்னால் திருப்பினார். முகமெல்லாம் சேறு.

"யாரு மாப்பிள்ளை இறங்கணும்?"

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அதில் மாப்பிள்ளையும் இருந்தது.

கண்டக்டர் அவர் காலடியில் கிடந்த பந்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"நான்தான் மச்சான்!" என்றார், இல்லாத குரலில்.

பந்தை வாரி எடுத்தார். இந்த முறை யாருக்கும் காட்டவில்லை. வண்டி போய்க்கொண்டேதான் இருக்கும் என்று நம்பி ஒல்லியன் முன்னால் ஓடிவிட்டிருந்தான். அந்த இடம் காலி. மற்றபடி கையும் காலும் தோளுமாக அடைத்துக் கிடந்தது. நெரிசலில் பின் படிக்கட்டிலிருந்து முன் படிக்கட்டுக்குப் போவது கண்டக்டருக்குப் புதிதா?

"கொஞ்சம் வழி விடுங்க... காலைப் பார்த்து... வழி, வழி..."

இரண்டு தீயணைப்பு வீரர்கள் நிஜமாகவே ஒதுங்கினார்கள். ஒருவருடைய அக்குளுக்கு அடியில் நுழைந்து, இன்னொருவருடைய இடுப்பைச் சுற்றி, கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் வைத்தார். தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

"அமுக்குய்யா!" என்று மொத்த டிப்போவும் கத்தியது.

அமுக்கினார். விசில் ஊதியது.

அடுத்த கணம் ஏழு டிரைவர்கள் அவர் மேல் இருந்தார்கள். எண்பது மூட்டையை ஒன்றாகச் சாய்த்த கனம். அடியிலிருந்து அவர், "மச்சான், மூச்சு" என்றார். "இருங்கடா, என் மாப்பிள்ளை அடியில இருக்காரு" என்று மேலே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வீசினார் மச்சான்.

வீட்டுக்குத் திரும்பிப் போக அணிக்கு அவர்களுடைய பஸ்ஸே நின்றது. அதன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குத் தீர்ந்தது.

கண்டக்டர் சட்டையை எடுத்து உறையை நீட்டினார். மச்சான் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். பிறகு கண்டக்டர் தோல்பைக்குள் கையை விட்டு, தனியாக முடிந்து வைத்திருந்த சில்லறைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"இது வண்டிக்கூலி. எண்பத்தஞ்சு."

"ஜெயிச்சாச்சே மாப்பிள்ளை. வேணாம்."

"கூலி பேசினது நீங்க மச்சான். முழுசா வாங்கிக்குங்க."

"பாதி வழி சுமந்தது நீங்க. வாங்க மாட்டேன்."

"வாங்கலைன்னா எனக்கு அசிங்கம்."

"வாங்கினா எனக்கு அசிங்கம்."

"அப்போ உறையையும் கொடுங்க. வாங்கினா முழுசா வாங்குங்க."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களா?"

குரல் ஏறியது. பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். மனைவி நடுவில் புகுந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு."

"உனக்கா? எதுக்கு?" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

"மூணு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சைச் சுமந்தேனே, அதுக்குக் கூலி. முழு வழியும் சுமந்திருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. அவள் பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அத்தோடு கடன் தீர்ந்தது.

மச்சான் பஸ்ஸுக்குள் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் கசங்கி, டீசல் கறை பட்டிருந்தது. மேலே இவர்கள் பெயர். எழுதிய மை வெளுத்திருந்தது. முதல் பத்திரிகையே இதுதான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வீட்டுக்கு வந்து முறைப்படி கொடுக்கறேன். இது... வண்டியிலயே கிடந்துச்சு" என்றார். தங்கை அதை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அழாமல் வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது.

எல்லாரும் ஏறினார்கள். மச்சான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண்டக்டர் பின் படியில் நின்று, உடம்பெல்லாம் வலிக்க, கையை ஓங்கினார்.

பட்.

இரண்டாவது தட்டுக்குப் போன கை பாதியில் நின்றது.

மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் மகள். அப்பா ஜெயித்ததுக்கு ஓடி வந்து கட்டிக்கொள்ளாமல் எங்கே போனாள் என்று அவர் தேடியது அவளைத்தான். தீயணைப்பு வண்டியின் ஏணிக்கடியில், சேறு பட்ட ஒரு ஒல்லியான முகத்தைத் தன் துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உடையாத கடிகாரத்தைக் காலையில் துடைத்த அதே பொறுமையோடு.



முன்னாலிருந்து மச்சான் கண்ணாடியில் பார்த்தார். இப்போது பேசலாமே, கடன் இல்லையே. சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரு தட்டோட நிறுத்திட்டீங்க? இன்னும் யாரு ஏறணும்?"

ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று கண்டக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.